நடைமேடையில் முக்கால் நிமிடம்

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரயில் மீஞ்சூரில் முக்கால் நிமிடம் நிற்கும். இளமதியும் குணாவும் பன்னிரண்டு வருடக் குடும்பத்தில் பெரும்பகுதியை அந்த முக்கால் நிமிடத்துக்குள்தான் நடத்தினார்கள்.

காலை பத்தே கால் ரயில். இரவுப் பணி முடித்து அவள் பெண்கள் பெட்டியிலிருந்து இறங்குவாள். அதே ரயிலின் அடுத்த பெட்டியில் அவன் ஏறவேண்டும். அவளுக்கு விமான நிலையத்தில் விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை. அவனுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஓர் எடைமேடையில் லாரிகளை ஏற்றி இறக்கி எடைச்சீட்டு கொடுக்கிற வேலை. அவள் இறங்கி அவன் ஏறுவதற்குள் வீடு கை மாறியாகவேண்டும். சாவி, அடுப்பு, மோட்டார், மகள் ஜோதி. கடைசியில் விசேஷமாக ஏதாவது இருந்தால் அது. இந்த வரிசை மாறாது. குணா சொல்வான், இளமதி அதையே திருப்பிச் சொல்வாள். சொல்லி முடித்ததும் அவன் ஓடிப்போய்க் கம்பியைப் பிடிப்பான்.

திருப்பிச் சொல்லும் பழக்கம் அவளுடைய வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிந்து, நீ சொன்னாய், நீ சொல்லவில்லை என்று ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். மறுநாள் அவள்தான் இந்த ஏற்பாட்டைச் சொன்னாள். ஆகாயத்தில் இருக்கும் விமானியிடம் ஆறாயிரம் அடிக்கு இறங்கு என்றால், ஆறாயிரம் அடிக்கு இறங்குகிறேன் என்று அவன் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னால்தான் அவன் காதில் விழுந்ததாக அர்த்தம். குணா அவளுக்கு அத்தை மகன், சிறு வயதிலிருந்தே அவளைக் கிண்டல் பண்ணி வளர்ந்தவன். அப்போதும் கிண்டல் பண்ணினான். ஆனால் அதற்குப் பிறகு தொட்டி வழியவில்லை. நடைமேடையில் டீ விற்கும் எபினேசர் அவர்கள் இருவருக்கும் டவர் என்று பேர் வைத்திருந்தார். ரயில் நுழைந்ததும் கெட்டிலை நிறுத்திவிட்டு, "டவர் பேசுது, கொஞ்சம் இரு" என்று டீ கேட்பவர்களை நிற்க வைப்பாராம்.

இளமதி பிறந்தது பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்தில். அப்பா பச்சையப்பன் ஏரியில் வலை கட்டுகிறவர். அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு வரிசை வைத்திருப்பார்கள். முறை வரும்வரை படகை ஒதுக்கி நிறுத்திக் காத்திருக்கவேண்டும். வரிசையை மீறினால் ஊர் கூடிவிடும். பெண்பிள்ளைகளுக்குப் பாடு கிடையாது. இளமதி பொன்னேரியில் பள்ளிக்கூடம், சென்னையில் என்ஜினியரிங், ஒரு பரீட்சை, வடக்கே ஒரு வருடம் பயிற்சி என்று போய், இந்த வேலையில் சேர்ந்தாள். ரொம்ப நேரம் விளக்கிச் சொன்ன பிறகு பச்சையப்பன் ஒரே வரியில் புரிந்துகொண்டார்.

"அப்ப மேல பாடு உடுற வேலைன்னு சொல்லு."

குப்பத்தில் இன்றைக்கும் அவள் வேலைக்கு அதுதான் பெயர். சில நாள் நடு ஏரியிலிருந்து அவர் போன் செய்வார். இப்போது ஒன்று தலைக்கு மேல் போயிற்று, கொஞ்சம் தாழ்வாகப் போனாற்போல் இருந்தது, அது நீ சொல்லித்தானா என்று கேட்பார். அவள் பெரும்பாலும் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள். ஆமாம்பா என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவாள்.

உயரமான கண்ணாடிக் கோபுரத்தில் அவள் உட்கார்ந்திருப்பதாகத்தான் மீஞ்சூரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் உட்காரும் அறைக்கு ஜன்னலே கிடையாது. சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போடவேண்டிய குளிர். கண்ணுக்கு இதமாக இருக்கவேண்டும் என்று விளக்குகளைத் தணித்து வைத்திருப்பார்கள். இரவா பகலா என்று தெரியாத அந்த மங்கலில், ஆளுக்கொரு திரையின் முன்னால், காதில் ஹெட்செட்டோடு, கிசுகிசுப்பது போன்ற குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். திரையில் விமானம் இருக்காது. ஒரு புள்ளியும், பக்கத்தில் பெயரும், உயரமும், வேகமும் இருக்கும். நூற்றெண்பது பேரைச் சுமந்த புள்ளி எறும்பு நகர்வதுபோல் நகரும். பதினான்கு வருடத்தில் அவள் வழி சொன்ன விமானங்களில் ஒன்றைக்கூட அந்த நேரத்தில் கண்ணால் பார்த்ததில்லை.

திரையின் வடக்கோரத்தில் கடற்கரை ஒரு மெல்லிய கோடாக மேலே போகும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது, வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பில்தான் ஏரி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். விரல்நுனியை வைத்தால் மறைந்துவிடும். அந்த விரல்நுனிக்குள் அப்பா, படகு, நட்டுவைத்த கழிகள், காத்திருக்கும் கொக்குகள் எல்லாம் இருந்தன. கொல்கத்தா பக்கமிருந்து வரும் விமானங்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது அவள் குரல் தானாக இன்னும் கொஞ்சம் மெதுவாகிவிடும். இது அவளுக்குத் தெரியாது. தானியேல் சொல்லித்தான் தெரியும்.

தானியேல் அவளோடு ஒன்றாகச் சேர்ந்தவன், ஒன்பது வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன். அறைக்கு வெளியே சுவரில் வரிசையாகக் கொக்கிகள் உண்டு, அவரவர் ஹெட்செட்டை மாட்டிவைக்க. ஒவ்வொரு கொக்கிக்கும் மேலே பெயர் ஒட்டியிருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் கொக்கி காலியாயிற்று. அவர் தோஹா போனார். அடுத்தவர் பஹ்ரைன். அதற்கடுத்து ஒரே மாதத்தில் இரண்டு பேர். போனவர்கள் பெயரை யாரும் கிழிக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் பயிற்சியில் இருந்தார்கள். ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசும் அளவுக்குத் தேறுவதற்குள் இன்னொருவர் போய்விடுவார். மிச்சமிருப்பவர்களுக்கு இரவுகள் கூடிக்கொண்டே வந்தன. இதற்கு யாரைக் குறை சொல்வது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் தானியேல் மஸ்கட் போனான். நாற்காலியை அடுத்தவரிடம் ஒப்படைத்த பிறகு உடனே எழுந்து போய்விடக்கூடாது, சில நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனிக்கவேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். கை மாறிய முதல் சில நிமிடங்களில்தான் தவறுகள் நடக்கும் என்பார்கள். கடைசி நாளில் தானியேல் ஒப்படைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். ஹெட்செட்டைக் கொக்கியிலேயே விட்டுவிட்டான்.

போகிறவர்களை இளமதி ஏசிக்கொண்டிருந்தாள். நீங்களெல்லாம் ஒட்டகத்துக்கு வழி சொல்லப் போங்கள், இங்கே வருகிற விமானத்தை நான் கொடியைக் காட்டி இறக்குகிறேன் என்பாள். தானியேல் மஸ்கட்டிலிருந்து பேசும்போதெல்லாம் அவள் இதையே வேறு வேறு விதமாகச் சொல்வாள். அவன் சம்பளத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டான். மூன்று நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வான்.

"நான் தூங்குறேன் மதி. ராத்திரில படுத்துக் காலைல எழுந்துக்கிறேன். மனுஷன் மாதிரி."

அவன் அனுப்பிய ஒரு மஸ்கட் வேலை விளம்பரத்துக்கு அவள் விளையாட்டாக விண்ணப்பம் போட்டாள். கம்ப்யூட்டரில் நேர்காணல். பின்னால் கொடியில் காய்ந்த துணியை ஜோதி அவசரமாக எடுத்தாள். இரண்டு வாரத்தில் வேலை உத்தரவு வந்துவிட்டது. இங்கே வாங்குவதைப்போல் நான்கு மடங்கு. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒரு வரி எழுதவேண்டும். வரவில்லை என்று எழுதத்தான் அவள் இருந்தாள். ஜோதிக்குப் பதினோரு வயது. குணாவின் வேலை இங்கே. அதோடு, எல்லோரும் போனபோது போகாதவள் என்று அந்த அறையில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்படி இருக்கையில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

இரவு முழுக்க மழைமேகத்தைச் சுற்றி விமானங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்துவிட்டு, காலையில் ரயிலில் உட்கார்ந்ததும் அவள் தூங்கிப்போனாள். மடியில் பை. பேசின் பிரிட்ஜில் யாரோ காய்கறிக் கூடையை அவள் காலருகே நகர்த்தியது தெரிந்தது. எண்ணூரில் உப்புக்காற்று அடித்தது தெரிந்தது. நடுவில் ஒரு கனவு. விமானங்களெல்லாம் ஏரியில் இறங்கி நின்றுகொண்டிருந்தன. சத்தமே இல்லை. காற்று வரும் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு, படகுகளைப்போல வரிசையாக, தங்கள் முறைக்காகக் காத்திருந்தன. முழங்கால் தண்ணீரில் அப்பா கழியோடு நடந்து போய், ஒவ்வொன்றின் வயிற்றிலும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல்களில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தூங்குகிறார்கள், நல்லது, என்று அவள் நினைத்தாள். மீஞ்சூர் வந்ததும் இறங்கினாள். குணா பேசினான். அவளும் பேசினாள். ரயில் போயிற்று.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பால் காய்ச்சாமல் ஃபிரிட்ஜில் இருந்தது. லைட்டர் வழக்கமான இடத்தில் இல்லை. குனிந்து பார்த்தால் சிலிண்டரையும் மூடியிருந்தான். இன்றைக்கு இவனுக்கு என்ன அவசரமோ என்று முணுமுணுத்தபடி சிலிண்டரைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடினாள். கொஞ்ச நேரம் தேடினாள். ஃபிரிட்ஜின் மேல், அவளுக்கு எட்டாத ஓரமாக இருந்தது. நாற்காலி போட்டு ஏறி எடுத்துக்கொண்டு அவள் அடுப்புக்குத் திரும்பும்போது, பக்கத்து வீட்டு சம்பூர்ணம் ஜன்னலருகே வந்து நின்றாள். துணி காயப்போட வந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"இளமதி, இன்னா இது, கேஸ் நாத்தம்? தொறந்தியா நீ? லீக்கு கீதுன்னு உங்க ஊட்டுக்காரரு காலைல என்கிட்டகூட சொல்லிட்டுப் போனாரே. உன்கிட்ட சொல்லல?"

"சொல்லலக்கா," என்றாள் இளமதி.

சிலிண்டரை மூடினாள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். லைட்டர் கையிலேயே இருந்தது. சம்பூர்ணம் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, காபி போட்டுக் கொண்டுவந்தாள்.

குணாவுக்குப் போன் செய்தாள். எடைமேடையில் லாரி நின்றுகொண்டிருந்தது. பின்னால் டிரைவர் ஹாரன் அடிப்பது கேட்டது. சொன்னேனே என்றான் அவன். சொல்லவில்லை என்றாள் இவள். சொன்னதுமில்லாமல் நீ திருப்பியும் சொன்னாய் என்றான். அவளுக்கு வந்த கோபத்தில், இத்தனை வருடத்தில் பேசாத வார்த்தை இரண்டு மூன்று பேசினாள்.

"சரி மதி. சொல்லாமத்தான் வந்துட்டேன் போல. நீ படுத்துக்கோ," என்றான்.

அவன் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் அவளைத் தூங்கவிடவில்லை. வேலையிடத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தால் யாரும் கத்தமாட்டார்கள். பேசுவதெல்லாம் பதிவாகிறது. போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். வீட்டில் ஏது பதிவு? படுத்துப் புரண்டு பார்த்தாள். மூன்று மணிக்கு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

எபினேசர் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் நாங்கள் என்ன பேசினோம், உங்களுக்குக் கேட்டதா என்று அவள் கேட்டாள். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. தினமும் கேட்கிற ஜெபம் மாதிரி அது அவருக்குப் பாடமாகியிருந்தது.

"சார் சொன்னத உடுங்க மேடம். நீங்க சொன்னத சொல்றேன். 'சாவி வாங்கிக்கினேன். சிலிண்டர் லீக்கு, அடுப்பு பத்தவைக்கக் கூடாது, அஞ்சு மணிக்கு ஆளு வரும். மோட்டார் போட்டாச்சு. ஜோதி குடை எடுத்துக்கினு போயிருக்கா.' அவ்ளோதான். ஒரு வார்த்த தப்பு இல்ல. எப்பவும் போல கணீர்னு சொன்னீங்க."

"சொல்லும்போது என் கண்ணு மூடியிருந்துதாண்ணா?"

"இல்லியே. தொறந்துதான் இருந்துச்சு."

அவள் ஒரு டீ வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ரயில்கள் வந்து போயின.

சொன்னது நினைவில்லை என்பதுகூட இல்லை. சொன்ன அந்த நேரமே அவளிடம் இல்லை. கண் திறந்திருந்தது, வாய் சரியாகப் பேசியது, உள்ளே யாரும் இல்லை. அறையிலும் இப்படி நடந்திருக்குமா? போன வாரம் ஒன்று, அதற்கு முந்தின வாரம் ஒன்று என்று ஒவ்வோர் இரவாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாது என்பதுதான் பயம். பதிவைப் போட்டுக் கேட்டால்கூட அவள் குரல் கணீரென்று எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

குணா வந்ததும் எபினேசர் சொன்னதைச் சொன்னாள். காலையில் பேசிய வார்த்தைகளுக்கு மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் கேட்கவில்லை. இருந்த குழம்பில் மீனை அவன் தட்டுக்கே தள்ளினாள். அவன் கொஞ்ச நேரம் சாப்பிட்டுவிட்டு, தன் மேல்தான் தவறு என்றான். எடைமேடையில் டிரைவர் முகத்தைப் பார்க்காமல் அவன் சீட்டைக் கொடுக்கமாட்டான். கண் சொருகியிருந்தால் ஓரமாகப் படுத்து எழுந்து போகச் சொல்லுவான். "உன் மூஞ்சியத்தான் பார்க்கல. காதால மட்டும் கேட்டுக்கினு ஓடிட்டேன்," என்றான்.

ஜோதி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் போனில் இருக்கும் கடிதமும் அவளுக்குத் தெரியும். நான் அங்கே போனால் நீ என்ன செய்வாய் என்று இளமதி அவளிடம் பொதுவாகக் கேட்டாள். நாலு நாள் சாப்பிடமாட்டேன் என்பதுபோல ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள்.

"நான் போன் பண்ணா முழிச்சிக்கினு இருப்பியா?" என்று கேட்டாள் ஜோதி.

மறுநாள் இளமதி பதினான்கு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். இன்றிரவு திரை முன்னால் உட்கார நான் தகுதியாக இல்லை என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அப்படிச் சொல்லலாம், சொல்லவேண்டும் என்றுதான் விதி. அவர் நல்ல மனிதர். ஏன் என்று கேட்கவில்லை. பணிப் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளுக்கு மேசை வேலை கொடுத்துவிட்டு ஒருவரைப் போனில் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவர் முந்தின நாள் இரவு வேலை பார்த்துவிட்டுப் போனவர். வந்து, சிரித்துக்கொண்டே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அவள் இடத்தில் உட்கார்ந்தார். இளமதி மேசையிலிருந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இறக்கிவைத்த தூக்கத்தை அவர் எடுத்துச் சுமந்தாற்போல் இருந்தது. போகாதவள் என்ற பேரால் அந்த முதுகுக்கு ஒரு நிமிடத் தூக்கம்கூடக் கொடுக்க முடியாது.

வியாழன் இரவு வேலைக்கு உட்கார்ந்தாள். ஒவ்வொரு விமானியும் திருப்பிச் சொன்னதைக் கேட்டு, அதைக் காகிதத்திலும் எழுதிக்கொண்டாள். நின்றுகொண்டே பேசினாள். கிழக்கே கொஞ்சம் வெளுத்திருக்கவேண்டிய நேரத்தில் கொல்கத்தா விமானம் ஒன்று அந்த விரல்நுனியைத் தாண்டி வந்தது. அப்பா இந்நேரம் படகைத் தள்ளியிருப்பார். காலை வணக்கம் சொன்ன விமானியின் குரல் நன்றாகத் தூங்கி எழுந்தவனின் குரலாக இருந்தது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தே கால். மீஞ்சூரில் இறங்கியபோது குணா எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றிருந்தான். அவன் சாவியை நீட்டுவதற்கு முன்னால் அவள் பேசினாள்.

"மாமா, நான் போறேன். இன்னிக்கி நாலு மணிக்குள்ள எழுதணும். போறேன்னு எழுதப்போறேன்."

குணா அவள் முகத்தைப் பார்த்தான். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ரயில் ஊதியது, அசைந்தது. அவன் ஏறவேண்டிய பெட்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. எபினேசர் கெட்டிலோடு அப்படியே நின்றார்.

"ரயிலு போவுது மாமா."

"போவட்டும். இப்ப நீ சொன்னது செல்லாது."

"இன்னா செல்லாது?"

"கேஸு லீக்குன்னும் இப்டித்தான் கணீர்னு சொன்னே. ராத்திரி பூரா முழிச்சிக்கினு வந்து சொல்றத நான் எடுத்துக்க மாட்டேன். போய்த் தூங்கு. தூங்கி எழுந்து சொல்லு. அப்பால பார்த்துக்கலாம்."

எபினேசர் டீயை நீட்டினார். குணா தனக்கு வாங்கிக்கொண்டு, அவளுக்கு வேண்டாம் என்று திருப்பிவிட்டான். எடைமேடைக்குப் போன் செய்து வயிற்றுவலி என்றான். அந்தப் பக்கம் நம்பினாற்போல் தெரியவில்லை. வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் அவள் இரண்டு முறை காரணங்களைச் சொல்லத் தொடங்கினாள். ஒன்றையும் அவன் காதில் வாங்கவில்லை. லெவல் கிராசிங் அருகே அவள் தோளைப் பிடித்து, எதிரே வந்த ஆட்டோவுக்கு ஒதுக்கிவிட்டான். அந்த ஆட்டோவையும் அவள் பார்த்திருக்கவில்லை.

அவள் போன் அவன் கையில் இருந்தது. மூன்றே காலுக்கு எழுப்பு என்றாள். எழுப்பமாட்டேன், நீயாக எழுந்தால் உண்டு என்றான்.

அவள் தூங்கினாள். திரைச்சீலை வழியாக வந்த வெயில் சுவரில் ஏறியது. எங்கோ ஒரு சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதே ஏரி வந்தது. விமானங்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. அலகை இறக்கைக்குள் செருகிய பறவைகளைப்போல் இருந்தன. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இந்தமுறை அவளே இறங்கி நடந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு, நீ போ, நீ இரு, நீ போ என்றாள். தொட்டதெல்லாம் சத்தமில்லாமல் எழும்பி, மணல்மேட்டைத் தாண்டிக் கடல்பக்கம் போயிற்று. கடைசியில் ஏரி காலியாக இருந்தது. தூரத்தில் அப்பா படகில் படுத்திருந்தார், முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு. அவர் பாடு இன்றைக்கு இல்லை போலிருக்கிறது. அவளும் தண்ணீர்மேலேயே படுத்தாள். தண்ணீர் தாங்கியது.

விழித்தபோது யாரும் எழுப்பவில்லை. எங்கே இருக்கிறோம், என்ன கிழமை என்பது மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தது. கூடத்தில் குணா தரையில் உட்கார்ந்து ஜோதியின் பள்ளிக்கூடப் பையில் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். கோணியூசியும் சணலும். அவள் வந்து எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மணி மூன்று நாற்பது.

அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவள் கண்ணைப் பார்த்தான். எடைமேடையில் பார்க்கிற பார்வை அது. ஒரு கண், பிறகு இன்னொரு கண்.

"இப்ப சொல்லு."

"போறேன்."

"எதுக்கு?"

"தூங்கறதுக்கு."

"பணத்துக்குப் போனவன் இருக்கான், படிக்கப் போனவன் இருக்கான். மஸ்கட்டுக்குத் தூங்கப் போறவ ஊர்லயே நீ ஒருத்திதான்," என்றான் குணா.

"பணமும் வரும்ல. வாணாம்னா சொல்றேன்? இங்கேந்து என்ன உட நாலு மாசம் ஆவும். நான் போய் ஆறு மாசத்துல நீயும் ஜோதியும் வரலாம். அதுவரிக்கும் சம்பூர்ணம் அக்கா சாயந்தரம் பார்த்துக்கறேன்னு சொல்லிச்சு."

"அங்க லாரி கீதா?"

"கீது."

"எடை போடுவானுங்களா?"

"அதெல்லாம் போடுவாங்க மாமா."

அவன் பையை ஓரமாக நகர்த்தினான். அவள் எதிர்பார்க்கவில்லை. நடைமேடையில் அவள் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, வரிசை மாறாமல் சொன்னான்.

"மதி போறா. தூங்கறதுக்கு. இங்கேந்து உட நாலு மாசம். போய் ஆறு மாசத்துல நானும் ஜோதியும். அதுவரிக்கும் சாயந்தரம் சம்பூர்ணம் அக்கா."

சொல்லும்போது அவன் குரல் ஓரிடத்தில் தடுக்கியது. அவள் அந்தக் குரலைக் கேட்கவில்லை, அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே இருந்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

போனை வாங்கி ஒரு வரி எழுதி அனுப்பினாள். மூன்று ஐம்பத்திரண்டு. தானியேலுக்கும் ஒரு வரி. அவனிடமிருந்து பதில் வரவில்லை. அங்கே மதியம், குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருப்பான்.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமையே ஆள் வந்து ரெகுலேட்டரை மாற்றியிருந்தான். லைட்டர் சம்பூர்ணம் வீட்டிலிருந்து திரும்பி வந்து பழைய இடத்தில் இருந்தது. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் குனிந்து மோந்து பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். ஜோதி வருகிற நேரம். பாலை வைத்துவிட்டு, பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.